கொரிய மருத்துவர்களின் கேஸ் ரிப்போர்ட்டுகளும் ஆய்வுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஸ் ரிப்போர்ட் என்றால் என்ன? எளிமையாகச் சொல்லுங்களேன்.

ஒரு நோயாளிக்கு என்ன நடந்தது என்பதை ஒரு மருத்துவர் மற்ற மருத்துவர்களுக்காக எழுதி வைப்பது. என்ன தொந்தரவோடு வந்தார், என்னென்ன சோதித்தார்கள், எதையெல்லாம் இல்லை என்று ஒதுக்கினார்கள், கடைசியில் என்ன தெரிந்தது, அப்புறம் அவர் எப்படி இருக்கிறார். பெரும்பாலும் சில பக்கங்களிலேயே முடிந்துவிடும்.

2012இல் கொரியாவிலிருந்து வெளியான ஒன்றைச் சொல்கிறேன். 63 வயதுப் பெண் ஒருவர் அரைவேக்காட்டுக் கணவாயைக் குடலோடு வாயில் போட்டுக்கொண்டார். உடனே கடுமையான வலி. விழுங்காமல் துப்பிவிட்டார். ஆனாலும் வாய்க்குள் ஏதோ ஊர்வது போலவும் குத்துவது போலவும் இருந்தது. மருத்துவமனையில் பார்த்தபோது நாக்கு, கன்னத்தின் உட்புறம், ஈறு என்று பல இடங்களில் வெள்ளையாக, கதிர் வடிவில் சிறு பொருட்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மொத்தம் 12. பார்க்க அச்சு அசல் புழு. எடுத்துச் சோதித்ததில் அவை ஆண் கணவாயின் விந்துப் பைகள் என்று தெரிந்தது. தூண்டப்பட்டால் தானே பீறிட்டு எதிலாவது ஒட்டிக்கொள்ளும் அமைப்பு அந்தப் பைகளுக்கு இயற்கையிலேயே உண்டு.

"ஏதோ புழு" என்று எழுதி, பூச்சி மருந்து கொடுத்து அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். எடுத்ததை நுண்நோக்கியில் வைத்துப் பார்த்து, எழுதியும் வைத்தார்கள். இனி உலகில் எங்கே இப்படி ஒருவர் வந்தாலும் மருத்துவர் தேடிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. (கணவாய்ப் பிரியர்கள் பயப்பட வேண்டாம். தோலையும் குடலையும் எடுத்துவிட்டு நன்றாக வேகவைத்தால் இந்தத் தொல்லை இல்லை.)

ஒரே ஒரு நோயாளியை வைத்து என்ன நிரூபிக்க முடியும்?

"இது நடக்கக்கூடியது" என்பதை மட்டும் நிரூபிக்கலாம். எத்தனை பேருக்கு நடக்கும், இந்த மருந்தால்தான் குணமானதா என்பதையெல்லாம் ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் சில நேரம் நடக்கக்கூடியது என்று தெரிவதே பெரிய விஷயம்.

சியோல் ஆசான் மருத்துவ மையத்தில் அறுவை மருத்துவர் சுங் கியு லீயின் குழு 2000இல் செய்த கல்லீரல் மாற்றுச் சிகிச்சை அப்படிப்பட்டது. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை எடுக்க வழிசெய்யும் சட்டம் கொரியாவில் அந்த வருடம்தான் நடைமுறைக்கு வந்தது. அதனால் உறவினர்கள் உயிரோடு தரும் கல்லீரல் துண்டைத்தான் பெரிதும் நம்ப வேண்டியிருந்தது. கல்லீரலின் வலப்பாதி பெரியது, இடப்பாதி சிறியது. வலப்பாதியைக் கொடுத்தால் மிச்சமிருப்பது சிலருக்குப் போதாது, கொடுத்தவர் உயிருக்கே ஆபத்து. இடப்பாதியை மட்டும் கொடுத்தால் வாங்குகிறவருக்குப் போதாது. லீயின் குழு இரண்டு பேரிடமிருந்து ஆளுக்கோர் இடப்பாதியை எடுத்து ஒரே நோயாளிக்குப் பொருத்தியது. ஒன்றை அதன் வழக்கமான இடத்தில் வைத்தார்கள். இன்னொன்றைத் திருப்பி வலப்பக்கத்தில் வைத்து ரத்தக் குழாய்களையும் பித்தநாளத்தையும் இணைத்தார்கள். உலகிலேயே முதல் முறை. அடுத்த வருடம் அதை எழுதி வெளியிட்டார்கள். அதன்பின் நூற்றுக்கணக்கானவர்களுக்கு இதே முறையில் செய்திருக்கிறார்கள்.

கேஸ் ரிப்போர்ட்டுகளால் உயிர்கள் காப்பாற்றப்பட்ட உதாரணம் உண்டா?

உண்டு. கொரியாவைப் பற்றிப் பேசும்போது நான் எப்போதும் முதலில் சொல்வது இதைத்தான்.

கொரியாவில் குளிர்காலம் மிகவும் வறண்டது. தரையைச் சூடாக்கும் வீடுகளில் காற்று இன்னும் காய்ந்துபோகும். அதனால் வீட்டுக்கு வீடு ஹியூமிடிஃபையர் இருக்கும், அதாவது தண்ணீரை நுண்துளிகளாக்கி அறையில் பரப்பும் கருவி. தண்ணீர்த் தொட்டியில் பாசி, கிருமி சேராமல் இருக்க அதில் ஊற்றும் கிருமிநாசினி ஒன்று 1994 முதல் கடைகளில் விற்பனைக்கு வந்தது. லட்சக்கணக்கான குடும்பங்கள் வாங்கின.

2006 வாக்கில் சியோலின் பெரிய மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவர்கள் ஒரு விசித்திரமான நுரையீரல் நோயைப் பார்த்தார்கள். சாதாரண இருமல் போலத் தொடங்கும். சில வாரங்களில் மூச்சு வாங்கும், நுரையீரல் தழும்பேறி விறைத்துப் போகும், காற்று கசிந்து நெஞ்சுக்கூட்டுக்குள் தேங்கும். வென்டிலேட்டரில் வைத்தும் பல குழந்தைகள் இறந்தார்கள். குளிர்காலக் கடைசியில் தொடங்கி வசந்தத்தில் அதிகமாகும். வைரஸாக இருக்குமோ என்று தேடினார்கள். எல்லோரிடமும் பொதுவாக இருந்த கிருமி எதுவும் கிடைக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்றாலும், பார்த்ததைப் பார்த்தபடி 2008இல் கொரியக் குழந்தை மருத்துவ இதழில் எழுதி வைத்தார்கள்.

2011 வசந்தத்தில் ஆசான் மருத்துவ மையத்தின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அடுத்தடுத்து பெரியவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் கர்ப்பிணிகள் அல்லது சமீபத்தில் பிரசவித்தவர்கள். இளம் வயது, முன்பு எந்த நோயும் இல்லை, இப்போது நுரையீரல் கண்முன்னே அழிகிறது. ஒரே வார்டில் ஒரே மாதிரி இத்தனை பேரா என்று மருத்துவர்கள் நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குத் தகவல் கொடுத்தார்கள். திசுவைப் பரிசோதித்தபோது சேதம் சிறு மூச்சுக்குழல்களைச் சுற்றியே இருந்தது. ரத்தம் வழியாக வந்த நோய் என்றால் அப்படி இருக்காது. மூச்சோடு உள்ளே போன ஏதோ ஒன்று.

அப்புறம் கேள்விப்பட்டியலோடு உட்கார்ந்தார்கள். நோயாளிகளிடமும், அதே மருத்துவமனையில் வேறு நோய்க்காக இருந்தவர்களிடமும் ஒரே கேள்விகள்: வீட்டில் என்ன பொருள், என்ன வேலை, எங்கே தூங்குவீர்கள். ஹியூமிடிஃபையர் கிருமிநாசினி பயன்படுத்தியவர்களுக்கு இந்த நோய் வரும் சாத்தியம் 47 மடங்கு அதிகம் என்று கணக்கு வந்தது. ஆகஸ்ட் 31 அன்று பயன்படுத்த வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. விலங்குச் சோதனையும் அதையே காட்டியதும் நவம்பரில் அந்தப் பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற உத்தரவு போட்டது. அடுத்த குளிர்காலம் வந்தது, வசந்தம் வந்தது. புதிய நோயாளிகள் வரவில்லை.

அப்படியென்றால் 2006இலேயே ஏன் கண்டுபிடிக்கவில்லை?

நியாயமான கேள்வி. பிள்ளையை இழந்த பெற்றோர்கள் கேட்டதும் இதையேதான்.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வந்தவர்கள் சிலர்தான். குழந்தைக்குத் திடீரென மூச்சுத்திணறல் என்றால் யார் மனதிலும் முதலில் வருவது வைரஸ். கிருமிநாசினி போத்தலோ, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்கிறவர்கள் அக்கறையோடு வாங்கும் பொருள். அதைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதைவிடக் கொடுமை, குழந்தை இருமத் தொடங்கினால் காற்று காய்ந்திருக்கிறது என்று பெற்றோர் ஹியூமிடிஃபையரை இன்னும் பக்கத்தில் வைத்துக் கூடுதல் நேரம் ஓடவிடுவார்கள்.

பல போத்தல்களில் இருந்தது பி.எச்.எம்.ஜி என்ற வேதிப்பொருள். தோலில் பட்டால் பெரிய தீங்கில்லை என்ற எண்ணத்தில்தான் அது சந்தைக்கு வந்தது. நுண்துளியாக மாறி நாள் முழுக்க நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று விற்பதற்கு முன்னால் சோதிக்கவில்லை. பிறகு வழக்குகள் நடந்தன, நிறுவன அதிகாரிகள் சிறைக்குப் போனார்கள். பாதிக்கப்பட்டவர்கள் என்று அரசு ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் 5,000க்கு மேல்.

2008இல் எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தெரியாத நோயையும் "காரணம் தெரியவில்லை" என்றே எழுதி வைக்கும் நேர்மை அரிது. காரணம் தெரிந்த பிறகு அந்தப் பழைய குழந்தைகளின் வீடுகளைப் பற்றி விசாரித்தபோது அங்கேயும் அதே போத்தல் இருந்திருக்கிறது. குறிப்புகள் இல்லாவிட்டால் அந்தக் குழந்தைகள் கணக்கிலேயே வந்திருக்க மாட்டார்கள். மாற வேண்டியது கேள்விப்பட்டியல். மூச்சுத்திணறலோடு வருகிறவரிடம் வீட்டில் எதைத் தெளிக்கிறீர்கள், எதைக் கொளுத்துகிறீர்கள் என்று எந்த ஊர் மருத்துவரும் கேட்டாக வேண்டும்.

ஹான்டா வைரஸைக் கண்டுபிடித்தது கொரியர்களா?

ஆமாம். கொரியப் போரின்போது 3,000க்கும் அதிகமான ஐ.நா. படை வீரர்களுக்குக் காய்ச்சல், ரத்தக்கசிவு, சிறுநீரகச் செயலிழப்பு என்று ஒரு நோய் வந்தது. காரணம் தெரியாமலே கால் நூற்றாண்டு ஓடியது. ஹோ வாங் லீ என்ற நுண்ணுயிரியலாளர் வேறு பக்கத்திலிருந்து தேடினார். நோயிலிருந்து பிழைத்தவர்களின் சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த திரவப் பகுதியில், அந்தக் கிருமிக்கு எதிரான பொருள் இருக்கும். வயல் எலிகளைப் பிடித்து, உறுப்புகளை மெல்லிய சீவலாக்கி, அந்தச் சீரத்தையும் ஒளிரும் சாயத்தையும் விட்டால் கிருமி இருக்கும் இடம் ஒளிர வேண்டும். 1976இல் எலியின் நுரையீரல் சீவல் ஒளிர்ந்தது. அருகில் ஓடும் ஹான்டான் ஆற்றின் பெயரையே வைரஸுக்கு வைத்தார். 1990இல் கொரியாவில் தடுப்பூசியும் வந்தது.

இதில் வேலூருக்கும் பங்கு உண்டு. 1964இல் வேலூரில் ஒரு மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து, தோட்டப்பாளையம் வைரஸ் என்று பெயரிட்டிருந்தார்கள். அது எந்தக் குடும்பம் என்று அப்போது தெரியவில்லை. லீயின் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான் அதுவும் ஹான்டா வகை என்று புரிந்தது. ஆய்வகத்தில் பிரித்தெடுக்கப்பட்ட வரிசையில் பார்த்தால் ஹான்டானுக்கு மூத்தது நம் வேலூர் வைரஸ்.

கொரியாவிலிருந்து லட்சக்கணக்கானோரை வைத்து ஆய்வுகள் வருகின்றனவே, எப்படி?

காப்பீட்டுக் கணக்கு. 1977இல் பெரிய நிறுவனத் தொழிலாளர்களுக்கு என்று தொடங்கிய மருத்துவக் காப்பீடு 1989இல் எல்லோருக்கும் ஆனது. 2000இல் தனித்தனியாக இருந்த காப்பீட்டு அமைப்புகளை ஒன்றாக்கினார்கள். இன்று சுமார் 5 கோடிப் பேரின் சிகிச்சை, மருந்து, பரிசோதனை விவரங்கள் ஒரே இடத்தில் சேர்கின்றன. பெயரை நீக்கி ஆய்வாளர்களுக்குத் தருகிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் கணக்கு பணம் பட்டுவாடா செய்ய எழுதப்பட்டது. பரிசோதனைக்குப் பணம் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சந்தேகப்பட்ட நோயின் பெயரையே எழுதியிருக்கலாம். "கொரியாவில் 10 லட்சம் பேரிடம் ஆய்வு" என்ற தலைப்பைப் பார்த்ததும் மலைத்துவிடாமல், நோய் இருந்தது என்பதை எப்படி உறுதி செய்தார்கள் என்று பாருங்கள்.

தைராய்டு புற்றுநோய் கொரியாவில் திடீரென்று பெருகியது உண்மையா?

கண்டுபிடிக்கப்படுவது பெருகியது. நோயே பெருகியது என்று சொல்ல முடியாது.

1999இல் கொரிய அரசு புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் "இன்னும் 30, 50 டாலர் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம்" என்றன. மக்களும் எடுத்துக்கொண்டார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படும் விகிதம் 1993ஐப் போல 15 மடங்கு ஆனது. அந்த ஒரே வருடத்தில் 40,000க்கும் மேற்பட்டவர்கள். அந்த நோயால் இறப்பவர்களின் விகிதமோ அசையவே இல்லை.

இந்த இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் வரைந்து 2014இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியிட்டவர்கள் ஹியோங் சிக் ஆன் என்ற கொரியப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும். கண்டுபிடிக்கப்பட்டவற்றில் பெரும்பகுதி ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் தராமல் கிடக்கக்கூடிய சிறு கட்டிகள். ஆனால் புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் யார் சும்மா இருப்பார்கள்? ஏறக்குறைய எல்லோரும் அறுவைக்குப் போனார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 11 சதவீதத்தினருக்குப் பாராதைராய்டு சுரப்பி கெட்டு, கால்சியம் சமநிலை குலைந்தது. 2 சதவீதத்தினருக்குக் குரல் நாண் செயலிழந்தது. சுரப்பியை முழுவதும் எடுத்தவர்கள் ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும்.

2014 மார்ச்சில் 8 மருத்துவர்கள் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த ஸ்கேன் வேண்டாம் என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். சக மருத்துவர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது. ஆனாலும் ஒரே வருடத்தில் தைராய்டு அறுவைகள் சுமார் 35 சதவீதம் குறைந்தன. தன் நாட்டு மருத்துவமனைகளின் வருமானத்தைத் தொடும் உண்மையை இப்படி எழுதுவதற்குத் துணிச்சல் வேண்டும். "முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்" விளம்பரத்தைப் பார்த்து ஆசைப்படும் எல்லோருக்கும் இந்தக் கட்டுரையைத்தான் நான் சொல்வேன்.

கொரிய ஆய்வு முடிவுகள் நமக்குப் பொருந்துமா?

நோயைப் பொறுத்தது. வயிற்றுப் புற்றுநோய் கொரியாவில் மிக அதிகம், அதனால் 40 வயதிலிருந்து 2 வருடத்துக்கு ஒருமுறை அரசே பரிசோதனை செய்கிறது. கொரியத் தேசியப் புற்றுநோய் மையம் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் அல்லது உடன்பிறந்தவருக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு, வயிற்றில் தங்கும் ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமியை ஒழிக்க மருந்து கொடுத்தார்கள். சுமார் 9 வருடத்தில் மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதத்தினருக்கும் எடுக்காதவர்களில் 2.7 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் வந்தது. கிருமியை ஒழித்தால் ஆபத்து குறையும் என்பது நமக்கும் உதவும் செய்தி. அந்த சதவீதங்களை அப்படியே தூக்கி நம் ஊருக்குப் பொருத்தக் கூடாது.

மருந்து ஒவ்வாமையில் வேறுபாடு இன்னும் கூடுதல். யூரிக் அமிலத்துக்குத் தரும் அலோபியூரினால் சிலருக்குத் தோல் உரியும் அளவுக்கு மோசமான எதிர்வினை தரும். எச்.எல்.ஏ. பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம், கொரியர்களிடம் அந்த வகை பரவலாக உண்டு. அதனால் அவர்களுக்கு முன்கூட்டியே மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. அதைப் படித்துவிட்டு உங்கள் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் கேளுங்கள்.

நோயாளியின் அந்தரங்கம் என்னாகிறது?

பெயர் வராது. வயது, பாலினம், நோய் விவரம் வரும். படம் போட்டால் ஒப்புதல் வேண்டும். 2015இல் மெர்ஸ் காய்ச்சல் கொரியாவில் 186 பேரைத் தாக்கி 38 பேரைக் கொன்றபோது நோயாளிகளை எண்களால்தான் குறித்தார்கள். "14ஆம் நோயாளி" சியோலின் ஒரு பெரிய மருத்துவமனை அவசரப் பிரிவில் 3 நாள் இருந்தார். அவரிடமிருந்து 82 பேருக்குத் தொற்றியது: 33 நோயாளிகள், 8 மருத்துவப் பணியாளர்கள், 41 பார்வையாளர்கள். சரிபாதி பேர், கூட இருந்து கவனித்துக்கொண்டவர்களும் பார்க்க வந்தவர்களும்தான். குடும்பமே கட்டிலருகில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நம்மைப் போலவே அவர்களுக்கும் வழக்கம்.

ஹ்வாங் வூ சுக் விவகாரத்துக்குப் பிறகும் கொரிய ஆய்வுகளை நம்பலாமா?

மனிதக் கருவை குளோனிங் செய்து ஸ்டெம் செல் (பல வகைத் திசுக்களாக வளரக்கூடிய செல்) எடுத்ததாகக் கொரிய விஞ்ஞானியான ஹ்வாங் 2004, 2005இல் சயன்ஸ் இதழில் எழுதிய இரண்டு கட்டுரைகளும் புனைவு என்று சியோல் தேசியப் பல்கலைக்கழக விசாரணை சொன்னது. 2006 ஜனவரியில் இதழ் அவற்றை நீக்கியது. அதை அம்பலப்படுத்தியவர்களும் கொரியர்களே: ஒரு தொலைக்காட்சிக் குழுவும், ஒரே புகைப்படம் திரும்பத் திரும்ப வந்திருப்பதைக் கவனித்த இளம் ஆய்வாளர்களும். தேசிய நாயகனாகக் கொண்டாடப்பட்டவரை அவர்கள் எதிர்த்தார்கள், வசவும் வாங்கினார்கள். நாட்டை வைத்து நம்புவதோ சந்தேகப்படுவதோ வேண்டாம். ஒவ்வொரு கட்டுரையையும் தனியாக எடைபோடுங்கள்.

இலவசமாக எங்கே படிக்கலாம்? கொரிய மொழி தெரிய வேண்டுமா?

தேவையில்லை. பல கொரிய மருத்துவ இதழ்கள் ஆங்கிலத்தில் வருகின்றன. கொரிய மருத்துவ அறிவியல் இதழ் 1986 முதல் ஆங்கிலத்தில் வெளிவருகிறது, இலவசம். கொரியாமெட் என்ற தேடுதளத்தில் அந்நாட்டு இதழ்களை ஒன்றாகத் தேடலாம். பப்மெட் சென்ட்ரல் என்ற இலவச மருத்துவக் கட்டுரைக் களஞ்சியத்திலும் ஏராளம் கிடைக்கும்.

என் நோயைப் போலவே ஒரு கேஸ் ரிப்போர்ட் கிடைத்தது. அதே சிகிச்சையைக் கேட்கலாமா?

அச்சடித்து மருத்துவரிடம் காட்டுங்கள், தவறே இல்லை. அதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்: வேறு எந்த நோய்களை ஒதுக்கினார்கள், கூடவே என்ன மருந்துகள் கொடுத்தார்கள், எத்தனை மாதம் கழித்து நோயாளியைப் பார்த்தார்கள். இரண்டு வாரத்தில் முடிந்துவிடும் கதை என்றால் அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நல்ல பலன் கிடைத்தவர்களைப் பற்றித்தான் மருத்துவர்கள் ஆர்வமாக எழுதுவார்கள் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

நான் பயிற்சி மருத்துவர். முதல் கேஸ் ரிப்போர்ட் எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

நோயாளியின் ஒப்புதலிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆகிப் போய்விட்டால் பிடிப்பது கஷ்டம், முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள். 2013இல் வந்த 'கேர்' என்ற வழிகாட்டிப் பட்டியல் இலவசம், பல இதழ்கள் அதையே கேட்கின்றன. நாள்வாரியாக ஒரு காலக்கோடு போட்டு, எதிர்மறையாக வந்த பரிசோதனைகளையும் அதில் சேருங்கள். வீடு, வேலை, சமையல், தெளிப்பான்கள் பற்றி நோயாளி சொன்னதை, சம்பந்தமில்லை என்று தோன்றினாலும் ஒரு வரியாவது எழுதி வையுங்கள்.